ஜன்னல் சாத்திய பட்டறை

மருத்துவர் அந்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நெஞ்சின் இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்ததுபோல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. "இந்தம்மா என்ன வேலை செய்யறாங்க?" என்று கேட்டார். வெள்ளிக் கொலுசு பத்த வைக்கிறார், வளையங்களைச் சுடரில் ஒட்டுகிற வேலை என்றேன். எதை வைத்து என்றார். ஒட்டவைக்கிற பொடி என்றேன். "அந்தப் பொடியில என்ன இருக்கு?" விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பட்டறையை நடத்துகிறவள் நான். பொடியை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

நகை வடிவமைப்பு படித்து, வெளியூரில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, சேலத்துக்கே திரும்பி ஐந்து பெண்களோடு அந்தப் பட்டறையைத் தொடங்கியிருந்தேன். எல்லாம் கைவேலை. ஒவ்வொரு ஜோடிக் கொலுசோடும் அதைச் செய்தவரின் பெயர் எழுதிய சீட்டு போகும். நியாயமாக நடந்துகொள்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. ஐவரில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். வெண்ணந்தூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, கொலுசுக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். பக்கத்து வளையம் இளகாமல் இந்த வளையத்தை மட்டும் சுடரால் தொட்டு ஒட்டவைக்கிற கை அவருடையது.

ஜேடர்பாளையம் அணையில் தண்ணீர் வழிவதைப் பார்த்து ஒரு கொலுசு வரைந்தேன். அலைமேல் அலையாகச் சின்னஞ்சிறு வளையங்கள். அக்கா தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "ஏனுங்க சாமி, ஒரு கொலுசுல இத்தன எடத்துல பத்த வெக்கோணுமா?" என்றவர், என் முகம் வாடியதைக் கண்டு, "செஞ்சரலாமுங்க, உடுங்க" என்றார். தீபாவளிக்கு அந்தக் கொலுசைத்தான் எல்லோரும் கேட்டார்கள். காற்று பட்டால் சுடர் ஆடும், வெள்ளித் தூள் பறக்கும் என்று, எல்லாப் பட்டறைகளையும்போல நாங்களும் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டே வேலை பார்த்தோம். ஒரு மாலை அக்காவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "பொடிக் காய்ச்சலுங்க. இந்தப் பொகை புடிச்சா வர்றதுதான், வந்துட்டுப் போயிரும்" என்றார். நம்பினேன். மறுநாள் காலை நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச அவரால் முடியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்; அங்கே எடுத்ததுதான் அந்த எக்ஸ்ரே.

மருத்துவமனை நடையில் நின்று பொடி விற்பவரைப் போனில் கூப்பிட்டேன். "சீக்கிரம் இளகணும்னு கொஞ்சம் காட்மியம் கலப்பாங்க மேடம். எல்லாருக்கும் அதுதான் போகுது" என்றார், வெகு சாதாரணமாக. மருத்துவரிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது. அந்தப் புகை நுரையீரலை வேகவைத்துவிடும், பிறகு சிறுநீரகத்தையும் தேடிப் போகும், இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார்.

அந்த இரண்டு நாளும் இரும்பு பெஞ்சில் அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அவர் என்னிடம் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்பது ஒரு பயம், கேட்காமலே இருக்கிறாரே என்பது இன்னொரு பயம். மற்ற நால்வரையும் சுடர்ப்பக்கம் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர்களில் ஒருத்தி போனில் லேசாக இருமினாள். எத்தனை நாளாக இருமுகிறாய் என்று இரண்டு தடவை கேட்டேன்.

மூன்றாம் நாள் ஆக்ஸிஜன் முகமூடியை எடுத்தார்கள். அக்கா முதலில் கேட்டது, "பட்டறைய மூடிப்போட்டீங்களா?"

"ஆமாங்க்கா."

"தொறங்க சாமி. நாலு பேரும் வேற பட்டறைக்குத்தான் போவாங்க. அங்கயும் இதே பொடி."

காட்மியம் இல்லாத பொடியைத் தேடி வாங்கினேன். அதற்குச் சூடு அதிகம் வேண்டும். என் அலைகளெல்லாம் உருகிக் கட்டியாகிப் போயின. இரண்டு மாதம் கழித்து வந்த அக்காவை நான் சுடர்ப்பக்கம் விடவில்லை. திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, வீணான கொலுசுகளை வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் ஏனுங்க பத்த வெக்கோணும்? ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துட்டா?" என்றார். கோத்தும் காட்டினார். இரு முனையில் மட்டும்தான் நெருப்பு தேவைப்பட்டது. போட்டு நடந்தபோது, நான் வரைந்ததைவிட அதில்தான் தண்ணீர் ஓடியது. இப்போது அந்தக் கொலுசின் சீட்டில் வடிவமைத்தவர் என்று அக்காவின் பெயர் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பட்டறைப் பெண்கள் சிலர் வந்து கோக்கிற விதத்தைக் கேட்டுப் போனார்கள். பல பட்டறைகளில் ஜன்னல் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது.

அக்காவால் இப்போது மாடிப்படி ஏற முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன். சென்ற வாரமும் போனோம். முடிவு வந்த உறையை வாங்கிக்கொண்டு, பிரிக்காமல் படிக்கட்டருகே நின்றுகொண்டிருந்தேன். அக்கா மெல்ல என் கையிலிருந்து உறையை எடுத்து, தானே பிரித்து, தாளை என்னிடம் நீட்டினார்.

"படிங்க சாமி. நீங்க பயந்து நின்னாத்தான் எனக்குப் பயமா இருக்குதுங்க."

படித்தேன். போன தடவை இருந்த அளவுதான், மோசமாகவில்லை. சொன்னேன். அக்கா தலையாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று முன்னால் நடந்தார், பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று.