பச்சைப் பட்டை

சுரங்க நகரமான கித்வேயில், சந்தையின் பின்வரிசையில் இருக்கும் கம்பாம்பாவின் கணினிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வேலை தேடுகிறவர்களுக்கு வழி தெரியும். அவள் அமைத்த பயோடேட்டா மாதிரிப் படிவம் ஆறு வருஷமாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் பச்சைப் பட்டை, மேலே புகைப்படம், கடைசியில் நன்னடத்தைக்குப் பாஸ்டரின் பெயர். வேலையில்லாமல் கழிந்த வருஷங்களுக்கு எல்லோருக்கும் ஒரே வரி: ‘சொந்தத் தொழில்’.

வெள்ளிக்கிழமை காலையில் கசூபா வந்தான். சுரங்க ஒப்பந்தக்காரரிடம் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தவன்.

“பச்சைப் பட்டையைப் பாத்தாலே ஒப்பந்தக்காரரோட கிளார்க் பக்கத்தைப் புரட்டுறதில்ல அக்கா. தனியா ஒரு அட்டைப்பெட்டி வச்சிருக்கான். ஊர்ல எல்லாருக்கும் சொந்தத் தொழில் இருந்தா இங்க எதுக்குடா வர்றீங்கன்னு கேக்குறான்.”

அந்தப் பெட்டியில்தான் நேற்றிலிருந்து அவள் கணவன் சிலேக்வாவின் தாளும் கிடந்தது. மனு வாங்குவது இன்று பகல் பன்னிரண்டோடு கடைசி. வயது நாற்பத்தெட்டு, இதை விட்டால் இன்னொருவர் கூப்பிடப்போவதில்லை. கசூபாவின் தாளையும் மாற்றித் தருவதாகச் சொல்லி, முதலில் வீட்டுக்காரரைக் கூட்டிவா என்று துரத்தினாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கணினியில் கணவனின் தாளைத் திறந்து பட்டையை நீக்கினாள். ‘சொந்தத் தொழில்’ போன இடத்தில் வெள்ளையாக ஒரு பொத்தல் நின்றது.

சிலேக்வா வந்து அவள் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் படித்தான். ‘மனைவிக்கு முதுகெலும்பு அறுவை. வீட்டில் உடனிருந்து பராமரிப்பு. இரண்டு வருஷம்.’

“முவாபே அம்மா,” என்று பிள்ளையின் பெயரால் அழைத்தான். “உனக்கு மலச்சட்டி எடுத்துக் கொட்டினேன்னும் போட்டுடேன். குடிக்கிற இடத்துல ஒரு மாசம் சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும். பொய் எழுதித்தான் பெட்டிக்குள்ள கிடக்கீங்க.”

சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அவள் விரல் பிரிண்டர் பொத்தான்மேல் நின்றது. சிலேக்வா தாடையைத் தேய்த்துக்கொண்டான்.

“ரெண்டு வருஷம் இல்ல. ரெண்டு வருஷம் நாலு மாசம். சரியா போடு.”

தாளை எடுத்துக்கொண்டு அவன் போனபின் ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு பேரின் பிறந்த தேதியை மாற்றி அடித்தாள். சிலேக்வாவின் ஃபோன் உடைந்து கிடந்ததால் தாளில் அவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். மத்தியானத்துக்கு வைத்திருந்த சோளமாவுக் களி, ன்ஷீமா, மூடி திறக்காமலே ஆறிப்போனது. நாலரைக்கு ஃபோன் அடித்தது. கிளார்க்.

“முதுகு ஆபரேஷன்னு போட்டிருக்கே, அந்தம்மா இப்ப நடக்கிறாங்களா? வேலைல சேந்துட்டு நடுவுல வீட்டுக்கு ஓடிடக்கூடாது பாருங்க.”

“அந்தம்மா நான்தான். நடக்கிறேன்.”

“அப்ப திங்கட்கிழமை வந்து லாரிய ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.”

அவள் ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்தே முதுகு வலித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.