தண்ணீர் ஊற்றினால் காரமாகுமா?

குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் அவனுக்கு ‘ஏழு’ என்று பெயர். சுத்தமான தண்ணீரின் பி.எச். ஏழு, அமிலப் பக்கமும் சாயாது, காரப் பக்கமும் சாயாது. யார் சண்டை போட்டாலும் இருவருக்கும் தலையாட்டிவிட்டு நழுவுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று அவனே ஒப்புக்கொள்வான். அதே கூடத்தில் ஆய்வாளராக இருக்கும் அவன் மனைவிக்கு மட்டும் அதில் உடன்பாடில்லை.

“வெளியிலதான் ஏழு. வீட்டுக்கு வந்தா ஏழரை,” என்பாள்.

இரண்டு பேரும் பாட்டில் கழுவும் உதவியாளர்களாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவள் துறைத் தேர்வு எழுதினாள், முதல் தடவையே தேறினாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அயனிச் சமநிலைக் கணக்கில் மண்ணைக் கவ்வினான். மற்ற பாடங்களில் தான் புலி என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஆசைதான். பூனை என்றாவது சொல்லலாம். அயனி என்று கேள்வித்தாளில் பார்த்தால் எலி.

மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் கோட்டை விட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கும் பம்பு ஹவுஸுக்கு நிரந்தரமாக மாற்றிவிடுவார்கள். “அங்க நல்லா காத்து வரும்,” என்று நண்பர்களிடம் அலட்டிக்கொண்டான். ஆனால் நாள் முழுக்க அவள் திட்டுவதைக் கேட்காமல் தனக்கு வேலை ஓடாது என்பது அவனுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவளிடம் சொல்லவே முடியாது, சிரித்தே மானத்தை வாங்கிவிடுவாள்.

தேர்வன்று காலையில் காய் நறுக்கியபடியே அவள் பாடம் நடத்தினாள். வலிமை குறைந்த அமிலம் தண்ணீரில் கொஞ்சம்தான் பிரியும். அந்தக் கொஞ்சத்தை மொத்தத்திலிருந்து கழித்தாலும் ஒன்றுதான், கழிக்காவிட்டாலும் ஒன்றுதான். “சின்னது, விட்டுடலாம்,” என்றாள்.

அவனுக்கு அந்த வரி தேனாக இனித்தது. இத்தனை வருஷமாகத் தான் வாழ்ந்துகொண்டிருப்பது வேதியியல்தான் என்று தெரியாமல் போய்விட்டதே!

“குழாய் சொட்டுதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“சின்னது, விட்டுடலாம்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “எதை விடலாம்னு பாத்துதான் விடணும். உங்களுக்கு எதைப் பாத்தாலும் விடத்தான் தோணுது. இந்த வீட்டுல நானும் ஒருத்தி இருக்கேன். என்னையும் கணக்குல சேத்துக்கங்க.”

அவன் வழக்கம்போல இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டான்.

தேர்வில் வந்த கேள்வியைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வலிமையான அமிலத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, லிட்டருக்குப் பத்தின் மைனஸ் எட்டாம் அடுக்கு மோல் என்ற அளவுக்கு நீர்க்கவைத்துவிட்டார்கள். பி.எச். என்ன? மைனஸ் எட்டு என்றால் எட்டு. ஒரே வரியில் எழுதிவிட்டு, முன்வரிசையில் திணறுகிறவர்களைப் பரிதாபத்தோடு பார்த்தான்.

அப்புறம்தான் உறைத்தது. எட்டு என்றால் ஏழுக்கு மேல். ஏழுக்கு மேல் என்றால் காரம். அமிலத்தில் தண்ணீர் ஊற்றினால் காரமாகுமா? சமையலில் காரம் தூக்கலாகிவிட்டால் அவள் தண்ணீர் ஊற்றுவதைத்தான் பார்த்திருக்கிறான். தண்ணீர் ஊற்றிக் காரம் ஏறியதை எந்த அடுப்படியிலும் பார்த்ததில்லை.

எதையோ விட்டிருக்கிறான். எதை? விடுவதில் கைதேர்ந்தவன் என்பதால் தேடும் வழியும் அவனுக்குத் தெரிந்திருந்தது: அவள் சொல்லி, தான் கேட்காமல் விட்டது என்ன? பட்டியல் நீண்டது. குழாய், துண்டு, மின்கட்டணம், ‘நானும் ஒருத்தி இருக்கேன்’…

தண்ணீர்! தண்ணீரும் ஒருத்தியாக அங்கே இருக்கிறாளே! அவளும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தருகிறாள். அந்தக் கொஞ்சம், நீர்த்துப்போன இந்த அமிலம் தருவதைப் போலப் பத்து மடங்கு. பெரியதை விட்டுவிட்டுச் சின்னதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எழுதிய எட்டை அவசரமாக அடித்தான், இரண்டையும் கூட்டினான், மடக்கை அட்டவணையைப் புரட்டினான்.

தேர்வுக்கூட வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், முன்னால் வெளியே வந்த யாரிடமோ கேள்வித்தாளை வாங்கிப் பார்த்திருந்தாள். எப்படி எழுதினீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

“தண்ணிய சேத்தீங்களா?”

“சேத்துட்டேன்! ஆறு புள்ளி ஒன்பது ஆறு.”

அவள் அண்ணாந்து பார்த்து மனக்கணக்குப் போட்டாள். “ஒன்பது எட்டு வரணும். அமிலம் உள்ள வந்ததும் தண்ணி தன் பங்கைக் கொஞ்சம் குறைச்சுக்கும். நீங்க ரெண்டையும் அப்படியே கூட்டிட்டீங்க.”

அவனுக்கு முகம் செத்துவிட்டது. “அப்ப பம்பு ஹவுஸ்தானா?” என்றான். சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது வாய்தவறி வந்துவிட்டது. “அங்க என்னைத் திட்ட யாரு இருக்கா?”

அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது தசமத்தில் தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து போடச் சொல்கிறவள் அவள்.

“சின்னதுதான்,” என்றாள். “விட்டுடலாம்.”

விடைத்தாள் திருத்தியவருக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். அவன் மயிரிழையில் தேறினான். இப்போது அவன் நாற்காலி அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, திட்டுக்குக் குறைவில்லை. பாட்டில் கழுவப் புது ஆள் வராததால் அந்த வேலையும் அவன் தலையில்தான். வீட்டுக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சின்னது என்று சொல்ல மட்டும் இப்போதெல்லாம் அவனுக்கு வாய் வருவதில்லை.