நான் கண்டுபிடித்த ஓட்டை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். உடம்பில் எனக்குத் தெரியாத உறுப்பே இல்லை என்று நினைப்பு. அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். மாமா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுநாள்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுவரை என்னால் பொறுக்க முடியுமா? பிரித்துப் படித்தேன். குழந்தையின் இதயத்தில், மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு திறப்பு இருப்பதாகப் போட்டிருந்தது.

உடனே ஒரு தாளில் நாங்கள் இருந்த, மாமாவின் கம்பெனி குவார்ட்டர்ஸைப் போல நான்கு அறைகளை வரைந்து அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். மேல் சுவரில் ஓட்டை இருந்தால் ஒரு வகை, கீழ்ச் சுவரில் இருந்தால் இன்னொரு வகை, இரண்டு சுவரும் சேருகிற நடுவிடமே இல்லாவிட்டால் மூன்றாவது வகை. "நம்மளது முதல் வகை, அக்கா!" என்று பரீட்சையில் விடை சொன்னவனைப் போல முடித்தேன். அன்று முழுக்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டாக்டர், "எல்லாம் நல்லபடியா இருக்கு" என்றார். நான் விடுவேனா? நான் வரைந்த படத்தை நீட்டி, ஓட்டையைக் காட்டினேன்.

"தம்பி, வயித்துல இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் இந்த வழி இருக்கணும். பொறந்து மூச்சு விட்டப்புறம் தானா மூடிக்கும். உனக்கும் இருந்துச்சு."

வெளியே வந்ததும் அக்கா கேன்டீனில் பூரி வாங்கிச் சாப்பிட்டாள். "ஒரு நாள் பூரா என்னையும் புள்ளையையும் பட்டினி போட்டுட்டியேடா, பெரிய டாக்டரு!"

மேசை ஆடியது. என் படத்தை நாலாக மடித்து அதன் காலுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். குனிந்து வைத்தேன். ஆட்டம் நின்றது.