வயிற்றின் மேல் வெள்ளரிக்காய்

எனக்கு அவனைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் நான் பெருந்தன்மையாக ஏதாவது பேசுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். நான் மேல் லயம். அவன் கீழ் லயம், போதாக்குறைக்குத் தொழிற்சங்கத் தலைவர் வேறு. வருடாவருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவன் வயிற்றின் மேல் ஒரு வெள்ளரிக்காயை வைப்பார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நான் அதை வாளால் இரண்டாக வெட்டுவேன்.

ஏன் அவன் என்றால், எங்கள் கோயில் வழக்கம் அப்படி. வாள் வீசுகிறவன் ஒரு லயம் என்றால் கீழே படுக்கிறவன் மற்ற லயத்துக்காரனாக இருக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிடுவதும் படுக்கிறவன்தான். எதிர் லயத்துக்காரன் என்றால் இரக்கம் பார்க்காமல் இறுக்கிக் கட்டுவான் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. உயிருக்குப் பயந்து அவன் துணியைத் தளர்த்திவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பயந்தான் என்று பேர் வாங்குவதைவிட வெட்டுப்படுவதே மேல் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள்.

நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை இடுப்பளவில் தட்டையாக வெட்டி வெட்டி இறுகிப்போன மணிக்கட்டு. சிலம்பம் கற்றுக்கொண்ட பிறகுதான் வாளைத் தொட்டேன். பதுளையில் லொறி ஸ்பிரிங் தட்டில் அடித்து வாங்கிய வாள் அது. முதலில் வாழைத்தண்டை வெட்டிப் பழகினேன். பிறகு ஊதின பலூனின் மேல் வெள்ளரிக்காயை வைத்து, பலூன் வெடிக்காமல் காயை மட்டும் வெட்டினேன். திருவிழா நெருங்கினால் எங்கள் வீட்டில் தினமும் வெள்ளரிக்காய்க் கறிதான். பிள்ளைகள் தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அவனும் பயிற்சி எடுப்பான். வாசல் இஸ்தோப்பில் மல்லாந்து படுத்து, வயிற்றில் அம்மிக்குழவியை வைத்துக்கொண்டு மூச்சை அடக்குவான். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆட்கள் கடந்துபோகும் நேரமாகப் பார்த்துத்தான் செய்வான். தலைவர் இல்லையா, நாலு பேர் பார்க்காவிட்டால் அவனால் மூச்சைக்கூட அடக்க முடியாது.

அவன் மேல் எனக்கு இருந்த எரிச்சல் பகையாக மாறியது என் குசினியால். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் தகரம் போட்டு, சமைக்க ஒரு சின்னக் குசினி கட்டியிருந்தேன். அதன் கழிவுத் தண்ணீர் சரிவில் இறங்கித் தன் போஞ்சிப் பாத்தியைக் கெடுக்கிறது என்று அவன் நேரே தோட்டத்து மனேஜர் துரையிடம் போய்விட்டான். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே தண்ணீர் போகக் கான் வெட்டித் திருப்பிவிட்டிருப்பேன். அனுமதியில்லாத கட்டடம் என்று தோட்டத்து ஆட்கள் வந்து பிடுங்கினார்கள். அடுப்பு மழையில் நனைந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் கைகட்டி நின்ற அவன், "சட்டம்னா எல்லாருக்கும் ஒன்னுதானே" என்றான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை, மறக்கவும் விருப்பமில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் போன வருடத் திருவிழா. வேண்டாம் என்று என் மனைவி கெஞ்சினாள்.

"அந்தாளு வவுத்து மேல வாள ஓங்கப் போறீங்களா? கை தவறிருச்சின்னா நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னுதான் சொல்லுவாங்க. புள்ளைங்கள யாரு பாக்குறது?"

"தவறாது" என்றேன். விலகினால் மேல் லயத்தான் பயந்துவிட்டான் என்று அவன் மைக் பிடித்துச் சொல்வான். அதற்கு நான் செத்துப்போகலாம்.

கோயில் முற்றத்தில் தப்பு முழங்கியது. சுற்றிலும் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு எனக்குப் பின்னால் வந்து கறுப்புத் துணியைக் கட்டினான். கட்டியதும் என்னவோ சரியில்லை என்று தெரிந்தது. துணியின் கீழ் விளிம்பு கன்னத்தில் படியவில்லை. குனிந்தால் பாய் தெரிந்தது, என் கால்விரல் தெரிந்தது.

"இறுக்கு" என்றேன்.

அவன் என் காதோரம் குனிந்தான். "தெரியட்டும். இப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா கை தவறிருச்சின்னு நீ சொல்ல முடியாது பாரு. தெரிஞ்சே வெட்டுனதா ஆயிரும்."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்னைக் கொலைகாரன் என்று நினைத்தது ஒரு பக்கம். அதைவிட, பார்வை இல்லாமல் என்னால் வெட்ட முடியாது என்பதுபோல் எனக்குக் கண்ணைப் பிச்சை போட்டது இன்னொரு பக்கம். துணியைக் கழற்றிச் சண்டை போடலாம்தான். ஆனால் ஜனங்கள் அதையும் பயம் என்றுதான் சொல்வார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். துணிக்குள்ளே, இமையை இறுக்கி மூடிக்கொண்டேன். வாள் நுனியால் காயை ஒருமுறை மெல்லத் தொட்டேன். அந்த ஒரு தொடுதலில்தான் எனக்கு இடம் தெரியும், உயரம் தெரியும். தப்பு நின்றது. ஓங்கும்போது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று. இவனுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் இவன்தான் ஜெயித்தவன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு தோட்டத்தையே அழவைப்பான். அந்தச் சந்தோஷத்தை இவனுக்குக் கொடுக்கக் கூடாது. வாள் இறங்கியது. காய் இரண்டாகிப் பக்கத்துக்கொன்றாக விழுந்த சத்தம் கேட்டது. கூட்டம் ஆரவாரித்தது.

நான் துணியை அவிழ்த்தேன். அவன் எழுந்தான். வயிற்றைத் துடைத்துக்கொண்டு நேராக மைக்கிடம் போனான்.

"துணி தூக்கிக்கிட்டு இருந்திச்சுங்க. நானும் ஒரு தமாசுக்குத்தான் லேசாக் கட்டிப் பாத்தேன். ஆளு வாயத் திறக்கல. பாத்து வெட்டுறதுக்கு வாள் எதுக்குங்க, எங்க வீட்டு அருவாமனை போதுமே!"

கீழ் லயம் மொத்தமும் சிரித்தது. மேல் லயத்திலும் சிலர் சிரித்தார்கள், அதுதான் என்னைச் சுட்டது. அவன் கட்டிய கட்டு எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. வெட்டுப்பட்டால் நான் கொலைகாரன், படாவிட்டால் ஏமாற்றுக்காரன். உள்ளே கண்ணை மூடியிருந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அன்னதானத்துக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், பிசைந்த மாவில் இரண்டு உருண்டை எடுத்து வந்தேன். எல்லாரும் பார்க்க இரண்டு கண்ணிலும் அப்பிக்கொண்டேன். துணியை அவன் இருந்த பக்கம் நீட்டினேன்.

"இப்ப கட்டு. உன் பலத்த எல்லாம் காட்டிக் கட்டு. கட்டிட்டுப் படு."

கட்டினான். தலை வெடித்துவிடும்போல இருந்தது. மூச்சு முட்டும் இருட்டு. வேறொரு வெள்ளரிக்காயைக் கொண்டுவந்து வைத்தார்கள். தொட்டுப் பார்க்க வாளை நீட்டினேன், அதற்குள் காய் உருண்டு பாயில் விழுந்த சத்தம் கேட்டது. எடுத்து வைத்தார்கள். மறுபடியும் விழுந்தது. அம்மிக்குழவியைத் தாங்கிய வயிறு ஒரு காயைத் தாங்க முடியாமல் ஆடியது. "தரை சரிவுப்பா, தரை சரிவு" என்று அவன் முனகுவது கேட்டது. இப்போது இரண்டு லயமும் சேர்ந்து சிரித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிடுங்கிய தகரத்தையெல்லாம் யாரோ திருப்பிக் கொடுத்ததுபோல இருந்தது. அவன் இன்னும் கொஞ்சம் ஆட வேண்டும், இன்னும் நாலு பேர் வீடியோ எடுக்க வேண்டும் என்று வாளை நீட்டியபடியே நின்றேன்.

அப்போது ஒரு பெண் குரல் பக்கத்தில் வந்தது. அவன் மனைவி. என் மனைவியும் அவளும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவர்கள். குசினியைப் பிடுங்கிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

"எந்திரிங்க. அசிங்கப்பட்டது போதும், எந்திரிங்கன்னா" என்று அவனை அதட்டினாள். பாய் சரசரத்தது. பிறகு குரல் தரையிலிருந்து வந்தது. "அண்ணே, நான் படுத்திருக்கேன். காய வைக்கச் சொல்லுங்க. நீங்க வெட்டுங்க."

"அடியே, உனக்கென்ன பைத்தியமா?" என்றான் அவன்.

"ரெண்டு பேருக்கும் வருசா வருசம் இதே பொழப்பாப் போச்சு. இன்னிக்கோட ஒரு முடிவு வரட்டும். வெட்டுங்கண்ணே."

யாரோ காயை வைத்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. நான் வாள் நுனியால் தொட்டேன். அசையவே இல்லை. நான் வெட்டிய காய்களில் எதுவும் அவ்வளவு நிலையாக இருந்ததில்லை. கண்ணில் இம்மியும் வெளிச்சம் இல்லை, யாரும் குறை சொல்ல முடியாத கட்டு. ஊரே பார்க்க என் வித்தையை நிரூபிக்க இதைவிட நல்ல சமயம் வராது. வாளை ஓங்கினேன்.

கை நடுங்கியது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரைக்கும். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. தோளுக்கு மேலே வாள் ஆடுவது எனக்கே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இவள் அவனுடைய பெண்டாட்டி, அந்தப் போஞ்சிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வாளைத் தாழ்த்தினேன்.

துணியைப் பிய்த்து எறிந்தேன். மாவு இமைமயிரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்ணைத் திறந்து வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காயைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அவரு மேல வெட்டுனீங்க. என் மேல ஏண்ணே முடியல?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தடுமாறிய என் கை தோட்டத்து எல்லாப் போனிலும் இருக்கிறது. அதை அவன் இன்றைக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறான்.

பிறகு வாழைத்தண்டில் வெட்டிப் பார்த்தேன், பலூனில் வெட்டிப் பார்த்தேன். கை ஆடுகிறது. அவன் முகத்தை நினைத்துக்கொண்டால் மட்டும் நிற்கிறது. இத்தனை வருடமும் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது கவ்வாத்தும் இல்லை, சிலம்பமும் இல்லை. என் வித்தையில் பாதி அவனுடையது என்று தெரிந்த நாளிலிருந்து அவனை இன்னும் அதிகமாக வெறுக்கிறேன்.