துபாய்ப் படி

அந்தப் பெயரை வைத்தது நான்தான். நாற்பத்து நான்கு வருடமாக யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் டீக்கடை அவுதக்குட்டிமேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கிறேன். அவுதக்குட்டியும் போய்விட்டான், பெயருக்கு உரியவரும் போய்விட்டார். இனி என்னை உதைக்க ஆளில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

ஈட்டிக்கவலயில் நான் தையல்காரன். எங்கள் ஊரில் பேரனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் தாத்தா செத்த பிறகும் சண்டைக்கு வருவார். அதனால் முந்நூறு வீட்டுக்கும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு ஆண் பெயர்கள்தான் புழக்கத்தில் இருந்தன. என் அளவுப் புத்தகத்தில் மட்டும் பதினான்கு குரியாக்கோஸ்கள். ஒருமுறை ஒல்லிக் குரியாக்கோஸின் கால்சட்டையைத் தடித்த குரியாக்கோஸிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மண்டியிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாதிரியாரே திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் அடையாளம் எழுதத் தொடங்கினேன். கொக்கு, பம்பரம், அரைக்கிலோ, இப்படி. பதிலுக்கு ஊர் எனக்கு வைத்த பெயர் காஜா, அதாவது பொத்தான் துளை. என் சொந்தப் பெயரைச் சொல்லச் சொன்னால் என் மனைவி கல்யாணப் பத்திரிகையைத் தேடுவாள்.

பதினான்கு பேரில் மேட்டுவீட்டுக் குரியாக்கோஸுக்கு மட்டும் வெகுநாள் அடையாளம் எதுவும் அமையவில்லை. மார்பு முப்பத்தெட்டு, குணம் தங்கம், பேச்சு குறைவு. அப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு ஒரு தையல்காரன் என்ன செய்ய முடியும்?

எண்பத்தொன்றில் அவருக்கு நாற்பது வயது. துபாயில் வேலை, விசா ரெடி, பம்பாய்க்கு வந்தால் போதும் என்று ஓர் ஏஜென்ட் சொல்லிவிட்டான். ஊரே கூடி விருந்து வைத்தது. கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு மாலை போட்டு ஜீப்பில் ஏற்றினோம். துபாயில் பிள்ளைகள் இருந்த ஒன்பது வீடுகளும் அவர் தலையில் பொட்டலங்களைக் கட்டின. நேந்திரங்காய் வறுவல், மாட்டிறைச்சி வறுவல், அவலோசுப் பொடி. என் அம்மா என் தம்பி தங்கச்சனுக்காக ஒரு பரணி நிறையக் கண்ணிமாங்காய் ஊறுகாய் கொடுத்தாள். அதன் வாயைத் துணி சுற்றி இரட்டைத் தையல் போட்டு மூடியது நான்.

பம்பாயில் ஏஜென்ட்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. இன்று வருவான், நாளை வருவான் என்று லாட்ஜ் அறை ஒன்றில் இவரைப் போலவே ஏமாந்த பதினோரு பேரோடு இருபத்திரண்டு நாள் கிடந்திருக்கிறார். ஒன்பது வீட்டுப் பொட்டலங்களையும் பன்னிரண்டு பேரும் பிரித்துத் தின்றிருக்கிறார்கள். இருபத்து மூன்றாம் நாள் ஊறுகாயின் கடைசி மாங்காய் தீர்ந்ததும் ரயிலேறிவிட்டார்.

இரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கியவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பரணியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை என் அம்மாவிடம் நீட்டி, ஊறுகாய் ரொம்ப நன்றாக இருந்தது என்று சொன்னார். என் அம்மாவின் வாயை வாழ்நாளில் ஒரே தடவை அடைத்தவர் அவர்தான்.

மறுநாள் சட்டை தைக்க வந்தார். அளவெடுத்தேன். இருபத்திரண்டு நாள் ஊறுகாய் தின்றதில் மார்பு முப்பத்தாறாகக் குறைந்திருந்தது. அவர் போனதும் பெயருக்குப் பக்கத்தில் ‘துபாய்’ என்று எழுதினேன். என் வாயில் சனி என்பார்கள், எனக்கு அது கையிலும் உண்டு. புத்தகம் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. மாலைக்குள் ஊரே படித்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று வருடம் கழித்து மேட்டுப் பக்கம் பஸ் வந்தது. அவர் வீட்டு வாசலில் ஒரு நிறுத்தம். எங்கள் பக்கத்தில் நிறுத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிப் ‘படி’ என்று முடிப்பார்கள். அது துபாய்ப் படி ஆயிற்று. “துபாய் ரெண்டு குடு” என்று கைக்குழந்தையோடு வரும் பெண்கள்கூடச் சாதாரணமாக டிக்கெட் கேட்டார்கள். வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். அவர் மட்டும் அந்த டிக்கெட்டை ஒருநாளும் வாங்கவில்லை. ஒரு நிறுத்தம் முன்னால் தேவாலயத்தில் இறங்கி மேட்டில் நடந்தே போவார். நடப்பது உடம்புக்கு நல்லது என்பதால்தான் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாளுக்கு மூன்று இடத்தில் ஒட்டும் என்பார்கள், எனக்கு இது முதல் இடம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வாசகசாலைக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. எண்பது தாண்டியவர்கள் ஒன்பது பேரைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி மலர் போடுவதென்று தீர்மானம். யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் எல்லோரையும் அளந்தவன் நான் என்று காரணம் சொன்னார்கள். அளந்துவிடுபவன் என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னார்கள் என்று பிறகு புரிந்தது.

நோட்டும் பேனாவுமாக மேட்டுவீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது எண்பத்திரண்டு. அவர் மனைவி ராகேல் சேடத்தி கட்டன் காபி கொண்டுவந்து வைத்தார். பிறந்த வருடம், பிள்ளைகள், ரப்பர் மரங்கள் எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்த குரியாக்கோஸ், தலைப்புக்கு வந்ததும் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

“குரியாக்கோஸ்னு எழுது. துபாய்னு ஒரு எழுத்து வந்துச்சு, உன் கத்திரிக்கோலாலயே உன் மூக்க நறுக்கிடுவேன்.”

“பதினாலு குரியாக்கோஸ் இருக்காங்க சேட்டா. எந்தக் குரியாக்கோஸ்னு எப்படித் தெரியும்?”

“பதிமூணுதான். கீழ்வீட்டுக்காரன் போன மாசம் செத்துட்டான்.”

மலரோடு விஷயம் முடியவில்லை. எங்கள் ஊரில் பேப்பர் வந்ததும் முதலில் படிப்பது மரண அறிவிப்புப் பக்கம். ஆட்சி கவிழ்ந்திருந்தாலும் அதற்கு அப்புறம்தான். அந்தப் பக்கத்தில் சொந்தப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுப் பட்டப்பெயரையும் அச்சடித்துவிடுவார்கள். தன் படத்துக்குக் கீழே அப்படி ஒன்று வரவே கூடாது என்று சேடத்தியிடம் வேதப்புத்தகத்தின்மேல் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். நாற்பது வருடம் சுமந்தாயிற்று, கல்லறைக்குள்ளாவது தனியாகப் போகிறேனே என்றார். தலைப்பில் வெறும் குரியாக்கோஸ் என்று எழுதிக்கொண்டேன்.

இந்த விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி, கொக்கு. யோசிக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பார் என்பதற்காக நான் வைத்த பெயர் அது. இருவரும் ஒருவரையொருவர் ஞானஸ்நானப் பெயரால்தான் கூப்பிடுவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். டீக்கடையில் ஒருவர் “என்ன அந்திரயோஸே?” என்பார். மற்றவர் “ஒண்ணுமில்ல குரியாக்கோஸே” என்பார். கடையில் இருந்தவர்கள், யாரோ இரண்டு வெளியூர் ஆட்கள் வந்திருக்கிறார்கள்போல என்று எட்டிப் பார்ப்பார்கள்.

கொக்கு மூன்று வருடமாக டவுனில் மகள் வீட்டில் இருந்தார். மலர் அச்சுக்குப் போகிற சமயத்தில் அங்கேயே இறந்துபோனார். அமெரிக்காவிலிருந்து மகன்கள் வரும்வரை உடலை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பேப்பரில் அந்திரயோஸை ஆங்கிலமாக்கி ‘பி. வி. ஆண்ட்ரூஸ் (86)’ என்று கௌரவமாகப் போட்டார்கள். படமும் கௌரவமானது, கல்யாணத்தன்று எடுத்தது. சுருட்டை முடியும் கறுத்த மீசையுமாக இருபத்தெட்டு வயது வாலிபன். அப்படியொரு அழகன் எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று சத்தியம் செய்ய முந்நூறு வீட்டாரும் தயாராக இருந்தார்கள்.

அடக்கத்தன்று காலை எங்கள் தேவாலயத்தில் மணி அடித்தது. நாங்கள் இருபது முப்பது பேர் வாசகசாலை வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தோம். யாருக்கு மணி என்று நான் கேட்டேன். பக்கத்தில் இருந்தவன் பேப்பரைப் பார்த்துவிட்டு யாரோ ஆண்ட்ரூஸ், வெளியூர்க்காரன் என்றான். நாங்கள் டீ குடித்தோம். இருநூறு அடி தூரத்தில் எங்கள் கொக்கைக் குழியில் இறக்கினார்கள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மொத்தம் ஏழு பேர். பாதிரியார், மணியடிக்கும் கப்பியார், மகள், மருமகன், இரண்டு மகன்கள். ஏழாவது ஆள் குரியாக்கோஸ். சொந்தப் பெயர் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. ஊருக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கஞ்சிபோட்ட சட்டையில் வந்திருக்கிறார். பெட்டியைத் தூக்க நான்காவது தோள் இல்லாமல் அவர் தோள் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் கடைக்கு வந்தார். வலது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது, தையல்காரன் கண்ணுக்கு அது தப்பாது.

“நேத்து மணி அடிச்சப்ப எங்கடா இருந்த?”

வாசகசாலையில் என்றேன்.

“கொக்கு செத்துட்டான்டா.”

அவர் வாயால் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் யார் செத்தது என்று எனக்கு உறைத்தது. தைத்துக்கொண்டிருந்த பாவாடையின்மேலேயே அழுதேன். அவர் காஜா வெட்டும் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மலர்ல துபாய்னு போடு. அடைப்புக்குள்ள ஒளிச்சு வைக்காத, முன்னாடியே போடு. பேப்பர்லயும் அப்படியே வரணும். எனக்கு ஏழு பேரு பத்தாது.”

“சேட்டா, அந்தப் பேர வெச்சது…”

“நீதான். உன் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் எங்கிட்டயே சட்ட தெச்சுக்கிட்டீங்களே?”

“வேற தையக்காரன் எங்கடா இருக்கான் இந்த ஊர்ல?”

மலர் வெளியானது. ‘துபாய் குரியாக்கோஸ்’ என்ற பக்கத்தில் இருபத்திரண்டு நாள் கதையை அவரே சொல்லச் சொல்ல எழுதியிருந்தேன். எந்த வீட்டு வறுவல் காறல், எந்த வீட்டு இறைச்சியில் உப்பு அதிகம் என்பதெல்லாம் உண்டு. ஒன்பது வீட்டாரும் சண்டைக்கு வந்தார்கள். அதன் பிறகு அவர் துபாய்ப் படிக்கே டிக்கெட் வாங்கினார். முதல் நாள் கண்டக்டரிடம் கேட்கும்போது குரல் கம்மியதாம், மறுநாளிலிருந்து சரியாகிவிட்டதாம்.

இந்த வருடம் மேட மாதத்தில் ஒரு காலை, கட்டன் காபி பாதி குடித்த நிலையில், வலியில்லாமல் போய்விட்டார். எண்பத்து நான்கு. அவர் சொல்லிவைத்தபடி பேப்பருக்கு நானே போன் செய்தேன். துபாய் குரியாக்கோஸ் என்று மூன்று தடவை அழுத்திச் சொன்னேன். அழுத்தியதுதான் தப்பாகிவிட்டது.

மறுநாள் பேப்பரில் வந்தது இது: ‘ஈட்டிக்கவல மேட்டுவீட்டுக் குரியாக்கோஸ் (84) துபாயில் காலமானார். அடக்கம் இன்று மூன்று மணிக்கு ஈட்டிக்கவல தேவாலயத்தில்.’

ஏழு மணிக்கே போன் அடிக்கத் தொடங்கியது. உடல் எத்தனை மணி விமானத்தில் வருகிறது என்று கேட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு ஜீப்பில் மலர்வளையத்தோடு விமான நிலையத்துக்கே கிளம்பிவிட்டார்கள். துபாயிலிருந்து ஓய்வுபெற்று டவுனில் வீடு கட்டியிருக்கும் என் தம்பி தங்கச்சன் கூப்பிட்டு, கடைசியில் போய்விட்டாரா, அப்படியானால் என் ஊறுகாய் எங்கே என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனும் அழுதான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மனிதர் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறார், இவர்கள் துபாயில் சாகடித்திருக்கிறார்கள். திருத்தம் போடச் சொல்லி நாலு வார்த்தை திட்டலாம் என்று பேப்பர் ஆபீஸுக்கு நம்பரைப் போட்டேன். அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராகேல் சேடத்தி கையை நீட்டிப் போனை வாங்கி அணைத்தார்.

“வேண்டாம்டா காஜா. நாப்பத்து நாலு வருஷம் கழிச்சு மனுஷன் போய்ச் சேந்துட்டாருன்னு பேப்பர்லயே வந்துடுச்சு. நீ திருத்தம் கிருத்தம் போட்டு மறுபடியும் பம்பாய்ல இறக்கிடாத.”

சொல்லிவிட்டுக் கணவரின் சட்டைக் காலரை நீவிவிட்டார். நான் தைத்த சட்டைதான், வலது தோளை ஒரு விரல் இறக்கித் தைத்திருந்தேன்.

இரண்டு மணி பஸ் வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். கண்டக்டர் புதுப் பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போலக் கதவைத் தட்டி, துபாய் எல்லாம் இறங்கு என்று கத்தினான். மலர்வளையங்களையும் குடைகளையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸே இறங்கியது. முன்படியிலும் பின்படியிலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டிரைவரும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். காலியான பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு அந்தப் பையன், இன்றைக்கு துபாயில் என்ன விசேஷம் என்று என்னிடம் கேட்டான். எங்கள் சேட்டன் வந்திருக்கிறார் என்று சொல்லி அவனையும் உள்ளே அழைத்துக்கொண்டு போனேன்.