மதகுக்கு அந்தப் பக்கம் நின்றவன்

இது நடந்தது. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், போன வருஷம், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுச்சாமமும் புளியமரமும் வேண்டும் என்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பின்னேரம் நாலு மணி பத்து நிமிஷம். மதகுக்கு இந்தப் பக்கம் கையில் போஞ்சிக் கம்போடு ஒருவன். அந்தப் பக்கம் இன்னொருவன். நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். கம்போடு நின்ற நிஷாந்த் யாரிடமும் நம்பச் சொல்லிக் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற பழக்கத்தை அவன் விட்டு அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

ஆமாம், அவன் போதைத் தூள் அடித்தவன்; ஊர் வாயில் குடு. மூன்று வருஷம் அடித்தான். பண்டாரவளைக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறியில் மூட்டை தூக்கப் போனவனுக்கு, அந்த லொறியை ஓட்டிய ஜௌபர் உயிர்க் கூட்டாளி. பின்னேரம் நாலு மணிக்கு மூட்டை ஏற்றி முடியும். நாலு பத்துக்கு இரண்டு பேரும் லொறிக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். ஜௌபரின் லைட்டர் ஒரே அடியில் பற்றாது. கிளிக்... கிளிக்... மூன்றாவதில்தான் பற்றும். அந்தச் சத்தம் கேட்டாலே நிஷாந்துக்கு வாயில் எச்சில் ஊறும்.

சேர்ந்தே நாசமானார்கள். சேர்ந்தே புனர்வாழ்வு நிலையத்துக்கும் போனார்கள். அங்கே பதுளையிலிருந்து வந்த சுரேஸ் மூன்றாவது ஆளாக ஒட்டிக்கொண்டான். இருபத்திரண்டு வயது. இரண்டு பேரையும் அண்ணன், நானா என்று சுற்றிச் சுற்றி வருவான். மூவரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள்.

வரும்போது ஆலோசகர் முஹ்ஸினா மிஸ் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னதை நிஷாந்த் இன்னும் அப்படியே ஒப்பிப்பான்.

"நீங்க விட்டாலும் அது உங்கள விடாது. சந்தோசமா இருந்தாலும் கூப்பிடும், சண்ட போட்டாலும் கூப்பிடும். அந்த நேரத்துல கைக்கு ஒரு வேல குடுங்க. முடியாமப் போனா வெக்கப்படாம எனக்குப் போன்ல கோல் எடுங்க. ஒரு விசயத்த மட்டும் மறந்துடாதீங்க. கைக்கு ஞாபகம் இருக்கிறது பழைய அளவு. ஒடம்பு இப்ப பழைய ஒடம்பு இல்ல. அந்த அளவ அது தாங்காது. ஒரே தடவ போதும், மௌத்துதான்."

அதனால்தான் நிஷாந்த் தோட்ட எல்லையில், மதகுக்குப் பக்கத்தில், ஒரு துண்டு நிலத்தில் போஞ்சி போட்டான். தினமும் நாலு மணிக்கு அங்கே போவான். கொடிக்குக் கம்பு நடுவான், களை பிடுங்குவான், ஒன்றுமில்லாவிட்டால் மண்ணையாவது கொத்துவான். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அன்றைய நாள் அவனுடையது. லயத்து வரிசை வீடுகளில் சிலர் சிரித்தார்கள். திமிர் பிடித்து அடித்தவன்தானே, நினைத்தால் விட முடியாதா என்றார்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்குமா? நடுங்குகிற உடம்பை ஒன்பது மாதம் கட்டி இழுத்தவனுக்குத்தான் தெரியும்.

மாரியம்மன் திருவிழா வந்தது. நிஷாந்த் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டு. வரிசையில் அவன் கை நீட்டியபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"குடுக்காரன் கைக்கெல்லாம் காப்பா?"

"ஆமா, குடுக்காரன் கைதான்" என்றான் நிஷாந்த், திரும்பாமலே. "நல்லா இறுக்கிக் கட்டுங்க பூசாரி."

காப்புக் கட்டியவனுக்குச் சட்டங்கள் உண்டு. திருவிழா முடிகிற அடுத்த ஞாயிறுவரை தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. சாவு வீட்டை மிதிக்கக்கூடாது. சாவுச் சேதியைக்கூட அவன் காதில் போடமாட்டார்கள். நிஷாந்தின் நிலத்துக்கு அப்பால் இருந்த மதகுதான் அந்தப் பக்கத்து எல்லை. பூசாரி அதன் கல்லில் மஞ்சள் தடவி, வேப்பிலை கட்டிவிட்டுப் போயிருந்தார்.

புதன்கிழமை.

அந்தப் பக்கத்து மலையில் பனிமூட்டம் மேலேயிருந்து இறங்காது. கீழே பள்ளத்திலிருந்து ஏறி வரும். நாலு மணிக்கு அது தேயிலையை மூடிக்கொண்டு வந்தது. நிஷாந்த் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். மதகுக்கு அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கிளிக்... கிளிக்...

நிமிர்ந்தான். மதகுக்கு அந்தப் பக்கம் ஜௌபர் நின்றான். சாரம், கட்டம் போட்ட சட்டை, வெறுங்கால். பத்தடி தூரம்.

"டேய் மச்சான்! எப்படா வந்த? லொறி எங்க?"

"வா மச்சான்" என்றான் ஜௌபர்.

"காப்புக் கட்டியிருக்கேன்டா, தாண்டக்கூடாது. நீ இங்கிட்டு வா."

ஜௌபர் வரவில்லை. லைட்டரை மட்டும் தட்டினான். கிளிக்... கிளிக்... மூன்றாவது தடவையும் பற்றவில்லை. நிஷாந்த் கம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அங்கே பனிமூட்டம்தான் இருந்தது. கைபேசியைப் பார்த்தான். 4.10. மறுபடியும் தொட்டுவிட்டான் பாவி, அதுதான் முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு ஓடுகிறான் என்று நினைத்துக்கொண்டான். முஹ்ஸினா மிஸ்ஸுக்குச் சொல்லலாமா என்று யோசித்தான். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

வியாழக்கிழமை.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. புல்லெல்லாம் அட்டை. நிஷாந்த் கால் நிறையச் சவுக்காரம் பூசிக்கொண்டு வந்திருந்தான். அப்படியும் இரண்டு ஏறிவிட்டன. பிய்த்துப் போட்டான்.

கிளிக்... கிளிக்...

அதே இடம். அதே சட்டை. இந்தத் தடவை கையில் தூள் கொட்டிய ஈயத்தாள் இருந்தது. அது சரசரக்கும் சத்தம் பத்தடி தள்ளியல்ல, காதுக்குள்ளேயே கேட்டது.

"வா மச்சான். ரெண்டு பேருக்கும் ஈக்குது."

"வேணாம்டா. வீட்டுக்குப் போ. மிஸ்ஸுக்குக் கோல் எடு."

"வா மச்சான். ரெண்டு பேருக்கும் ஈக்குது."

அதே குரல். அதே இழுப்பு. சொல்லும்போது ஜௌபரின் வாயிலிருந்து ஆவி வரவில்லை. அந்தக் குளிரில் நிஷாந்தின் வாயிலிருந்து புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏதோ குறைகிறது என்று நிஷாந்துக்குப் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. ஜௌபர் மறைந்த பிறகுதான் விளங்கியது. மதகுத் தண்ணீரின் சத்தம் அப்போதுதான் மறுபடி கேட்கத் தொடங்கியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அவன் மனைவி துஷாந்தினி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை.

போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பயந்து ஒருநாள் வீட்டுக்குள் இருந்தால், மறுநாளும் இருக்க வேண்டும். அது என் நிலம், என் நாலு மணி, நான் ஏன் விட வேண்டும் என்று போனான்.

4.07. பனிமூட்டம் வந்தது.

4.09. தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கிளிக்...

ஜௌபர் மதகின் ஓரத்திலேயே நின்றான். ஆறடிகூட இல்லை. வேப்பிலைக்கு அந்தப் பக்கம்.

"வா மச்சான். ஒருக்கா மட்டும்."

நிஷாந்தின் உடம்பு அவனைக் கேட்கவில்லை. வாயில் எச்சில் ஊறியது. எலும்பெல்லாம் குடைந்தது. ஒன்பது மாதமும் எங்கோ போய்விட்டது. கால் தானாக எழுந்து மதகின் கல்லில் ஏறியது.

ஒரு கால்.

"ஒண்டும் ஆகாது மச்சான்" என்றான் ஜௌபர். "எனக்கு ஒண்டும் ஆகல்லயே. பாரு..."

நிஷாந்த் பார்த்தான்.

முதலில் தன் காலைப் பார்த்தான். நாலு அட்டை. ரத்தம் கோடாக வழிந்தது.

பிறகு ஜௌபரின் காலைப் பார்த்தான்.

அதே புல். அதே ஈரம். முழங்கால்வரை வெறுங்கால்.

ஒரு அட்டைகூட இல்லை.

அவன் பாதத்துக்குப் பக்கத்தில் புல்நுனிகளில் அட்டைகள் எழும்பி நின்றன... தலையை ஆட்டின... எல்லாம் நிஷாந்தின் பக்கம் திரும்பியிருந்தன.

காப்புக் கயிறு மணிக்கட்டை அறுத்தது. ஓடத் தோன்றியது. ஓடவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம். காலைக் கல்லிலிருந்து இறக்கினான்.

"நீ ஜௌபரா இரு. ஜௌபர் மாதிரி வந்த எதுவாவும் இரு. நான் வரமாட்டேன். விளங்குதா? ஒருக்காவும் இல்ல, அரைவாசியும் இல்ல. வரமாட்டேன்! எங்க வேணும்னாலும் போய்த் தொலை!"

ஜௌபர் கோபப்படவில்லை.

"சரி மச்சான்... அப்ப நான் சுரேஸ்கிட்டப் போறன்."

கிளிக்.

தண்ணீர் சலசலத்தது. கைபேசியில் 4.11.

நிஷாந்த் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான். பிறகு சிரித்தான். வென்றுவிட்டான் அல்லவா? சுரேஸுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மேலே ஏறியபோது கோயிலில் தப்பு அடிக்கத் தொடங்கியிருந்தார்கள், அவனைத் தேடி ஆள் வந்துவிட்டது. சுரேஸும் மாட்டேன் என்றுதான் சொல்வான், ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தீச்சட்டி எடுத்தான். கை சுடவில்லை. பின்னேரம் பூசாரி காப்பை அறுத்தார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் துஷாந்தினி எதிரே வந்து நின்றாள்.

"ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. ஜௌபர் அண்ணன் தவறிருச்சுங்க."

"எப்ப?"

"திங்கக்கெழம பின்னேரம். நீங்க காப்புக் கட்டுனதுக்கு மறுநாளு. செவ்வாக்கெழம காலையிலேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். காப்புக் கட்டுன கைன்னு எல்லாரும் சொல்லக்கூடாதுன்னாங்க. எனக்கும் பயமா இருந்துச்சு, கேட்டுட்டு நீங்க மறுபடியும்..."

நிஷாந்த் விரல்விட்டு எண்ணினான். திங்கள். செவ்வாய். புதன், வியாழன், வெள்ளி. மறுபடியும் எண்ணினான்.

"எப்படிச் செத்தான்?"

"வீட்டுல நெஞ்சுவலின்னு சொல்லியிருக்காங்க. ஆனா லொறிக்குப் பின்னாலதான் கெடந்திச்சாம். கையில லைட்டரோட. ஒன்பது மாசமாத் தொடாத மனுசன், ஒரே ஒரு நாளு... பழையபடியே எடுத்திருக்காருங்க."

வெட்கத்தால் ஜௌபரின் வீடு மறைத்தது. காப்புக்காக இந்த லயம் மறைத்தது. பதுளையில் இருந்த சுரேஸுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

நிஷாந்த் மேட்டுக்கு ஓடினான். சுரேஸின் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். பிறகு முஹ்ஸினா மிஸ்ஸை அழைத்தான்.

முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"நானே எடுக்க நெனச்சன் நிஷாந்த், காப்பு அறுக்கட்டும் எண்டு இருந்தன். சுரேஸ் இல்ல, அதே பழைய அளவு. வெள்ளிக்கெழம பின்னேரம்... எனக்குக் கோல் எடுத்திருக்கான். நான் வகுப்புல இருந்துட்டன், போன் மேசைல. ஒரு வொய்ஸ் அனுப்பியிருக்கான். ஆறு மணிக்குத்தான் கேட்டன். அதுல பின்னால ஒரு சத்தம் இருக்கு. அது யார் எண்டு நீங்கதான் சொல்லணும்."

அனுப்பினார். இருபது விநாடி. வெள்ளிக்கிழமை, 4.12.

மதகிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நிஷாந்த் காதில் வைத்தான்.

"மிஸ்... ஜௌபர் நானா வந்து வாசல்ல நிக்கிறாரு. கூப்பிடுறாரு. முடியாட்டி கோல் எடுக்கச் சொன்னீங்க, அதான் எடுத்தேன்... நீங்க எடுக்கலையே மிஸ்..."

அப்புறம் ஒரு இடைவெளி.

கிளிக்... கிளிக்...

பிறகு இன்னொரு குரல். காதுக்குள்ளேயே.

"வா தம்பி. நிஷாந்த் மாட்டேன்னுட்டான்."

அன்று இரவு நிஷாந்த் தூங்கவில்லை. ஊரில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மந்திரிக்கச் சொன்னார்கள். அந்த நிலத்தை விட்டுவிடச் சொன்னார்கள். கொழும்புக்குப் போய் வேலை தேடச் சொன்னார்கள். அவன் எதையும் கேட்கவில்லை. காலையில் தங்கள் மூவரோடும் நிலையத்திலிருந்து வெளியே வந்த மற்றவர்களின் எண்களை மிஸ்ஸிடம் வாங்கினான். ஏழு பேர். ஏழு பேருக்கும் தானே பேசினான். ஜௌபர் எப்படிச் செத்தான், சுரேஸ் எப்படிச் செத்தான் என்று ஒளிக்காமல் சொன்னான். நாலு மணிக்கு யார் வந்து கூப்பிட்டாலும் எனக்கு எடுங்கள், நான் எடுப்பேன் என்றான். மிச்ச நேரத்தில் கம்பு வெட்டினான்.

திங்கட்கிழமை, 4.05. மேட்டிலே சிக்னல் கிடைக்கும் கல்லில் துஷாந்தினி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய கைபேசி. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

நிஷாந்த் மதகின் முன்னால் போய் நின்றான். மணிக்கட்டில் காப்பு இல்லை. கல்லில் வேப்பிலை காய்ந்து சுருண்டிருந்தது. தாண்டக்கூடாது என்ற சட்டம் இப்போது எதுவும் இல்லை. பனிமூட்டம் ஏறி வந்தது.

"ஜௌபர்!"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இனிமே யாருகிட்டயும் போகாத. சின்னப் பயலுக வாசல்ல போய் நிக்காத. கூப்பிடணும்னா என்னையக் கூப்பிடு. நாளைக்கும் வா. தெனமும் வா. சாகுற வரைக்கும் வா... தெனமும் மாட்டேன்னுதான் சொல்லுவேன்!"

குனிந்து கம்பு நட ஆரம்பித்தான்.

4.10.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கிளிக்... கிளிக்...

நிஷாந்த் நிமிரவில்லை. அடுத்த கம்பை எடுத்து நட்டான்.