வெள்ளைப் பந்து நிற்கும் இடம்

"மன்றத்தின் பொருள் எதையும் கழிப்பதற்கு முன், அதை எடுத்துக்கொள்ள விருப்பமா என்று ஓய்வுபெற்ற உறுப்பினர்களிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். விருப்பம் தெரிவித்தால் மன்றம் பதினைந்து நாள்களுக்குள் பதில் தர வேண்டும்." பிம்ப்ரியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் மனமகிழ் மன்ற விதிகளில் இது பத்தொன்பதாவது. அழகாக இருக்கிறது இல்லையா? இருக்கும். எழுதியவன் நான்.

இன்று காலை ஒரு காகிதத்தைக் கோப்பில் சேர்ப்பதற்காகப் பழைய பெட்டியைத் திறந்தேன். விரலெல்லாம் நீலம். பச்சைத் துணி போர்த்திய மேஜையில் பூல் பந்தாட்டம் ஆடும் கோலின் நுனியில் தேய்க்கிற சாக், நடுவில் குழி விழுந்து, மூலையில் கிடந்தது. மூக்கருகில் கொண்டுபோனால் சுண்ணாம்பும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை. எண்ணெய் சாக்கினுடையதல்ல, செல்வராஜின் கையினுடையது.

செல்வராஜ் டூல் ரூம் ஃபிட்டர். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து, பிம்ப்ரியை அடுத்த போபோடிக்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவார், படிக்க வராது. கோபம் வந்தால் மராத்திக்குப் போய்விடுவார். நான் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன். எனக்குக் கோபம் எல்லா மொழியிலும் வரும்.

மேஜை மட்டமாக இல்லாவிட்டால் ஆட்டம் பொய் என்பார் அவர். அதனால் சனிக்கிழமைதோறும் டூல் ரூமிலிருந்து ஒரு ஸ்பிரிட் லெவல் மன்றத்துக்கு வரும். கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்கும்வரை, மேஜையின் காலடியில் பித்தளைத் தகடுகளைச் செருகிக்கொண்டே இருப்பார். கருவியை வெளியே கொண்டுவரப் பாஸ் வேண்டும். "ஆய்வுக்காக" என்று நான்தான் போட்டுக் கொடுப்பேன். பொய்தான். ஆனால் மூன்று பிரதிகளில், கையெழுத்தோடு.

என் ஆட்டம் கேவலமாக இருந்தது. முன்னேற எனக்குத் தெரிந்த ஒரே வழி பதிவேடு. 'தவறிய அடிகள்' என்று தலைப்பிட்டு, நாள், அடி, காரணம் என்று பத்தி பிரித்து எழுதினேன். துணியில் சுருக்கம். ட்யூப்லைட் கூசியது. அடிக்கும் நேரம் பார்த்து எதிராளி இருமினார். நான்கு மாதம் இப்படி. ஒருநாள் பதிவேட்டை வாசித்துக் காட்டச் சொன்னார் செல்வராஜ். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேண்டீனின் போஹா என்கிற அவல் உப்புமாவை மென்றுகொண்டே சொன்னார்: "அரே சார், இந்த ரிஜிஸ்டர்ல எல்லாரும் இருக்காங்க. நீங்க மட்டும் இல்ல."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போய் நின்றேன். அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்: தாடை கோலைத் தொடுமளவு குனிவது, அடிக்குமுன் ஒரு மூச்சு நிறுத்துவது, அடித்தபின் துள்ளி எழாமல் இருப்பது. "கோவம் நேரா முழங்கைக்கு வந்துடும் சார்" என்பார். வழியில்லாதபோது பந்தைக் குழியில் போட முயலாமல், கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தை மற்றவற்றுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, எதிராளியைத் திணறவிடும் தந்திரம் மட்டும் எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. கோப்பில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவதுபோலத்தானே அது.

வராதது ஒன்றுதான். குழிக்குள் விழுகிற பந்தைப் பார்த்துப் பூரித்து நிற்பேன். வெள்ளைப் பந்து அதுபாட்டுக்கு உருண்டுபோய் ஏதாவது மூலையில் முடங்கும். அடுத்த அடிக்கு வழியிருக்காது. "விழுறத விடுங்க. வெள்ளை எங்க நிக்கும்னு முதல்ல பாருங்க" என்று ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பார்.

நான் ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் செல்வராஜ் போன் செய்வார். இந்த ஏப்ரலில் செய்தபோது சொன்னார்: மன்றத்துக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார். ஊழியர்களின் ஆரோக்கியத்தில் அவருக்கு அக்கறை. அதனால் மேஜையைக் கேண்டீன் பின்பக்கம் தள்ளிவிட்டு, அந்த அறையில் ஓடும் இயந்திரங்களைப் போட்டுவிட்டார். மனிதன் ஒரே இடத்தில் ஓடுவதற்கு மின்சாரம். விதி பத்தொன்பது? அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆனால் செல்வராஜ் வழி பண்ணிவிட்டார். போபோடியில் அவர்கள் சந்து மண்டபத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. வேண்டுமானால் எடுத்துப் போங்கள் என்று செயலாளரே வாயால் சொல்லிவிட்டார். "டெம்போ சொல்லிட்டேன் சார். ஆறு ஆளு ரெடி. நாளைக்கே தூக்கிடலாம். நீங்க வந்து நின்னா போதும்."

"எழுத்துல இல்லாம எப்படி? நாளைக்கு யாராவது கேட்டா?" என்றேன். விதி இருக்கிறது, உரிமை இருக்கிறது, பதினைந்தே நாள் என்றேன். அந்தப் பக்கம் யாரிடமோ மராத்தியில் ஏதோ சொன்னார். பிறகு, "டீக் ஹை சார், நீங்க சொன்னா சரி" என்றார்.

ஏப்ரல் பதினாறு, விண்ணப்பம். மே நான்கு, நினைவூட்டல். மே இருபது, இரண்டாவது நினைவூட்டல், விதியின் நகலோடு. என் வாழ்நாளில் இவ்வளவு பிழையற்ற கடிதங்கள் எழுதியதில்லை. ஜூனில் மழை பிடித்தது. கேண்டீன் பின்னால் தகரக் கூரை ஒழுகி, மேஜையின் மரச்சட்டம் ஊறியது. அதன்மேல் யாரோ சிமென்ட் மூட்டைகளை அடுக்கினார்கள். சட்டம் உட்கார்ந்தது.

ஜூலையில் இருவரும் போய்ப் பார்த்தோம். கேண்டீனிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் சேறு. அதன்மேல் காலடிக்குக் காலடி சாம்பல் நிறக் கல் துண்டுகள். மேஜைத் துணிக்கு அடியில் இருந்த பலகைக் கல், நாங்கள் சனிக்கிழமைதோறும் மயிரிழை பிசகாமல் மட்டம் பார்த்த கல். ஒரு பையன் அதன்மேல் தாவித் தாவிப் போனான். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது.

செயலாளரை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. செல்வராஜ் திட்டவில்லை. கால்சட்டையை மடித்துக்கொண்டு, ஒரு கல்லில்கூடக் கால் வைக்காமல், சேற்றில் இறங்கி நடந்தார். கேட் வந்ததும்தான் வாயைத் திறந்தார்: "வெள்ளை எங்க நிக்கும்னு பாக்கலியே சார்."

அதன்பின் சனிக்கிழமைகளில் அவர் போன் வருவதில்லை. மண்டபத்து அறையில் இப்போது பந்தல் சாமான் கிடக்கிறதாம். ஸ்பிரிட் லெவல், பாஸ், பித்தளைத் தகடு எதற்கும் இனி வேலையில்லை. அந்தப் பதிவேட்டை மட்டும் ஒருநாள் எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். அடி: மேஜை. காரணம்: நான். எழுதினால் கோபம் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை.

இன்று கோப்பில் சேர்த்த காகிதம் மன்றத்திலிருந்து வந்த பதில். என் கோரிக்கை விதி பத்தொன்பதின்படி ஏற்கப்பட்டதாம். மேஜையை நல்ல நிலையில் ஏழு நாள்களுக்குள் எடுத்துச் செல்ல வேண்டுமாம். மேல் மூலையில், பழக்கதோஷம், என் கையாலேயே குறித்தேன்: பெறப்பட்டது, அக்டோபர் ஒன்பது.